விறகுக்கடையில் தொடங்கும் கடைசல்

திண்டுக்கல்லைச் சுற்றியுள்ள நூற்பாலைகளிலிருந்து ஆண்டுதோறும் டர்னர், ஃபிட்டர், மெக்கானிக் என்று பலர் 58 வயதில் ஓய்வு பெற்று வீடு திரும்புகிறார்கள். ஐடிஐ முடித்த கையோடு வேலையில் சேர்ந்து, சுழலும் இயந்திரத்தின் முன் நின்றே தலை நரைத்தவர்கள். நானும் அந்தக் கூட்டத்தில் ஒருவன். இரும்பு கடைந்து பழகிய கை, ஓய்வுக்குப் பிறகு மரம் கடையத் தொடங்கியது. கிண்ணம், பூச்சாடி, குங்குமச்சிமிழ், மூடி போட்ட பெட்டி என்று அழகுக்காக வாங்கி வைக்கும் பொருள்கள்தான் இப்போது என் வேலை.

இதைக் கற்றுக்கொள்ள வருகிறவர்கள் எடுத்த எடுப்பில் இரண்டு கேள்வி கேட்பார்கள். எந்த மெஷின் வாங்கலாம்? தேக்கு எங்கே மலிவாகக் கிடைக்கும்? மெஷின் மெதுவாக வாங்கலாம், தேக்கு வேண்டவே வேண்டாம் என்பேன். முதலில் போகவேண்டிய இடம் விறகுக்கடை. முதலில் வாங்கவேண்டிய பொருள் சாணைக்கல். இந்த இரண்டின் அருமை தெரிந்துவிட்டால் மற்றதெல்லாம் பழக்கத்தில் வந்துவிடும்.

நான் ஆலையில் சேர்ந்தது 1980களின் தொடக்கத்தில். அப்போது ரிங் ஃபிரேமில் மரப் பாபின்கள் ஓடிக்கொண்டிருந்தன. வெளிர் மஞ்சள் நிறம், கைபட்டுக் கைபட்டு ஏறிய வழவழப்பு. மஞ்சக்கடம்பு மரம் அது. நிமிடத்துக்குப் பல ஆயிரம் சுற்று சுழலும் கதிரில் மாட்டுகிற பாபின் இம்மி கோணினாலும் நூல் அறுந்துகொண்டே இருக்கும். நூற்புக் கூடத்தில் காற்றை எப்போதும் ஈரமாகவே வைத்திருப்பார்கள். அந்த ஈரத்தை மரம் குடிக்கும், கோணும். ஆட்டம் கண்ட பாபின்களைப் பொறுக்கி ஒதுக்குவது எங்கள் ஒர்க்‌ஷாப் வேலைகளில் ஒன்று. பிறகு பிளாஸ்டிக் பாபின் வந்தது. ஈரத்துக்கு அசையாது, எடையும் ஒன்றுபோல இருக்கும். மரப் பாபின்கள் மூட்டை மூட்டையாக விறகுக்குப் போயின.

பல ஆண்டு கழித்து அம்பாசமுத்திரத்தில் சொப்புச் சாமான் கடைகிறவர்களைப் பார்க்கப் போனேன். அந்தக் காலத்தில் எந்த மரத்தில் செய்தீர்கள் என்று கேட்டதற்கு மஞ்சக்கடம்பு என்றார்கள். அந்த மரத்துக்கு இழை நெருக்கம், முன்னும் பின்னும் ஒரே சீர், உளிக்கு இடறாது. ஆலைக்காரரும் பொம்மைக்காரரும் ஒரே மரத்தைத் தேடிப் போனதற்கு இதுதான் காரணம். கடைசலில் மரத்தின் பெயருக்கும் விலைக்கும் மதிப்பில்லை, இழைக்குத்தான் மதிப்பு என்பது எனக்கு அங்கே உறுதிப்பட்டது.

திண்டுக்கல்லில் கடைசல் பட்டறைகள் நன்றாக ஓடிய காலம் ஒன்று உண்டு. கட்டில் கால், தொட்டில் கட்டை, ஊஞ்சல் கட்டை, மத்து, பூரிக்கட்டை, பம்பரம் எல்லாம் அங்கிருந்துதான் போகும். இரும்புக் கட்டிலும் பிளைவுட் கட்டிலும் வந்தபோது கட்டில் கால் வேலை நின்றது. கொஞ்ச காலம் புது வீடுகளின் மாடிப்படிக்குத் தேக்குக் கட்டைகள் கடைந்து பிழைத்தார்கள். அப்புறம் எவர்சில்வர் கைப்பிடி வந்து அதையும் எடுத்துக்கொண்டது. மீந்திருந்த மாடிப்படி வேலை இப்போது சிஎன்சி கடைசலுக்குப் போகிறது. கணினியில் ஒரு முறை வரைந்து கொடுத்தால் நூறு கட்டையும் அச்சு அசலாக ஒன்றாக வந்துவிடும்.

ஆலை வேலையில் இருந்தபோதே விடுமுறை நாட்களில் ஒரு பழைய பட்டறையில் போய் நிற்பேன். அங்கே இருந்த பெரியவர் நாலு கட்டில் காலையும் காலிப்பர் இல்லாமல் கடைவார். அவரிடம் ஓர் அளவுக்குச்சி மட்டும் இருக்கும். முடிச்சு, பள்ளம், கழுத்து வரவேண்டிய இடங்களில் சிறு ஆணி அடித்த பட்டைக் குச்சி. சுழலும் கட்டை மேல் அதை ஒரு தடவை அழுத்தி எடுத்தால் எல்லா இடத்திலும் கோடு விழுந்துவிடும். அப்புறம் கண்தான். இரும்பில் நூலளவு பார்த்துப் பழகிய நான் விட்டத்தை எப்படிச் சரிபார்க்கிறீர்கள் என்று கேட்டேன். "விட்டத்தை எவன் பாக்குறான் தம்பி? முடிச்சு எந்த உசரத்துல நிக்குதுன்னுதான் கண்ணு பாக்கும். உசரம் ஒத்துச்சுன்னா நாலும் ஒண்ணாத்தான் தெரியும்" என்றார். ஒரு காலை மற்றதோடு வைத்து அளந்து பார்த்தேன். விட்டத்தில் வித்தியாசம் இருந்தது, பார்வைக்குத் தெரியவில்லை. இன்றைக்கும் ஒரு ஜோடிச் சாடி கடைந்தால் அவர் சொன்ன உயரத்தைத்தான் முதலில் பார்க்கிறேன்.

இரும்பிலிருந்து மரத்துக்கு வருகிறவர் ஒரு பெரிய மாற்றத்தைத் தாண்ட வேண்டும். இரும்பு லேத்தில் உளி டூல் போஸ்ட்டில் இறுகப் பூட்டியிருக்கும். வெட்டின் ஆழத்தை வைத்துவிட்டால் மெஷின் வெட்டும், நாம் கண்காணிப்போம். மரக் கடைசலில் உளி நம் கையில். தாங்குகட்டை மேல் உளியை வைத்து, முனைக்குப் பின்னால் இருக்கும் சரிவான முகத்தை முதலில் சுழலும் மரத்தின் மேல் படியவிட வேண்டும். அப்போது உளி வெட்டாது, வெறுமனே தேய்க்கும். பிடியை மெல்ல மெல்ல உயர்த்தினால் ஒரு கட்டத்தில் முனை இழையைத் தொடும், சீவல் சுருண்டு வரும். சரிவு படியாமல் முனையை நேராகக் கொண்டுபோய் வைத்தால் மரம் உளியை வெடுக்கென்று இழுத்துக்கொள்ளும். ஆலையிலிருந்து வரும் நண்பர்கள் பழக்க தோஷத்தில் உளியை இறுக்கிப் பிடித்துத் தள்ளுவார்கள். பிடியைத் தளர்த்தச் சொல்வதுதான் என் முதல் பாடம்.

வெட்டும் திசைக்கும் ஒழுங்கு உண்டு. கட்டில் கால் போல இழை நீளவாக்கில் ஓடும் கட்டையில் பருத்த இடத்திலிருந்து மெலிந்த இடத்துக்கு இறங்க வேண்டும். பலகை வாக்கில் எடுத்த கிண்ணத்தில் வெளிப்பக்கத்தை அடியிலிருந்து விளிம்புக்கும், உள்பக்கத்தை விளிம்பிலிருந்து நடுவுக்கும் கொண்டுபோக வேண்டும். திசை மாறினால் இழை பிய்ந்து சொரசொரப்பாகிவிடும். அதை உப்புத்தாள் போட்டுச் சரிசெய்ய முயல்வது வீண் வேலை. உளி கூராக இருந்தால் உப்புத்தாள் வேலை பாதியாகக் குறையும். அதனால்தான் மெஷினுக்கு முன்னால் சாணைக்கல் என்கிறேன். புளியங்கட்டை போன்ற மரத்தில் ஹைஸ்பீடு ஸ்டீல் உளிகூடச் சீக்கிரம் மழுங்கும். ஒரு கிண்ணம் முடிவதற்குள் பலமுறை சாணைக்குப் போய் வருவது வேலையின் ஒரு பகுதி, தடங்கல் இல்லை.

சுற்று வேகத்துக்கு ஒரு கணக்கை மனத்தில் வைத்துக்கொள்ளலாம். கட்டையின் விட்டத்தை அங்குலத்தில் எடுத்து, நிமிடச் சுற்றால் பெருக்கினால் 6000க்கும் 9000க்கும் நடுவில் வரவேண்டும். 10 அங்குலக் கிண்ணத்துக்கு 600 முதல் 900 சுற்று. கோணல்மாணலான கட்டையை மாட்டிய புதிதில் இதைவிடக் குறைவாகத் தொடங்கி, உருண்டை ஆன பிறகே ஏற்ற வேண்டும்.

இனி மரம். நத்தம் சாலையிலும் வத்தலக்குண்டு சாலையிலும் விறகுக்கடைகளில் குவிந்து கிடப்பதை நிதானமாக நின்று பாருங்கள். அங்கே கிடக்கும் பூவரசை ஹவாய்த் தீவுகளில் ‘மைலோ’ என்பார்கள். அந்த மக்கள் தலைமுறை தலைமுறையாக அதில் உணவுக் கிண்ணம் செய்தார்கள். நம்மூரில் மாட்டுவண்டிக்கும் விறகுக்கும் போன மரம். வைரம் பாய்ந்த பூவரசு கரும்பழுப்பாக, உளிக்கு மிக இணக்கமாக இருக்கும். புதிதாகத் தொடங்குகிறவருக்கு நான் கொடுப்பது இதைத்தான். சாலையோரத் தூங்குமூஞ்சி மரமும் ஹவாயில் ‘மங்கிபாட்’ என்ற பெயரில் பெரிய பெரிய தட்டுகளாகிச் சுற்றுலாப் பயணிகளிடம் விற்றது. வாகையும் அழகான மரந்தான், ஆனால் அதன் தூள் மூக்கில் ஏறினால் தும்மல் நிற்காது. சீமைக்கருவேலத்தை எல்லோரும் சபிக்கிறோம். 2017இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அதை வேரோடு அகற்ற உத்தரவிட்டபோது லாரி லாரியாக வெட்டினார்கள், பெரும்பாலும் கரிமூட்டத்துக்குப் போனது. அதன் நெருங்கிய உறவு மரமான மெஸ்கீட்டை டெக்சாஸ் பக்கம் கடைசல்காரர்கள் தேடி வாங்குகிறார்கள். காயும்போது அதிகம் சுருங்காத மரம், அதனால் வெடிப்பும் குறைவு.

புளியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். முதிர்ந்த புளியின் நடுவே ஊதாவும் பழுப்பும் கலந்த கருவைரம் இருக்கும். அதைச் சுற்றியுள்ள வெளிர்ப் பகுதி வெட்டிப்போட்ட சில மாதங்களில் பூஞ்சை பிடிக்கும். பூஞ்சைக் கூட்டம் ஒன்றோடொன்று மோதும் எல்லையில் பேனாவால் வரைந்ததுபோல மெல்லிய கருங்கோடுகள் ஓடும். கடைக்காரர், "அண்ணே, அது உளுத்துப்போச்சு, அடுப்புலகூட நின்னு எரியாது, சும்மா எடுத்துட்டுப் போங்க" என்று ஒதுக்கித் தந்த கட்டையில் அப்படிப்பட்ட கோடுகள் ஒரு பக்கம் முழுக்க இருந்தன. வெளிநாட்டில் இந்தக் கோடு விழுந்த புளிக்குத் தனிச் சந்தையே இருக்கிறது. ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும். நகத்தால் அழுத்திப் பள்ளம் விழுந்தால் அந்தக் கட்டை கடைசலுக்கு உதவாது, சுழலும்போது உடைந்து தெறிக்கும்.

நால்வழிச் சாலைக்காக இந்தப் பக்கத்துப் புளிய மரங்கள் வரிசை வரிசையாக விழுந்ததையும் பார்த்தோம். 2018 நவம்பரில் வேதாரண்யம் பக்கம் கரையேறிய கஜா புயல் உள்நாட்டில் நகர்ந்து திண்டுக்கல் மாவட்டத்தையும் உலுக்கிவிட்டுப் போனது. விழுந்த மரங்கள் எல்லாம் விறகாகத்தான் போயின. மரம் நமக்கு எப்போதும் பஞ்சமாக இருந்ததில்லை. அதைக் கடைசல் கண்ணோடு பார்க்கும் ஆள்தான் பஞ்சம். ஓர் எச்சரிக்கை. சந்தனம், ஈட்டி இரண்டும் நம் பட்டா நிலத்திலேயே நின்றாலும் வனத்துறையைக் கேட்காமல் கை வைக்காதீர்கள். காட்டு மரம் எதையும் தொட வேண்டாம். கொல்லைப்புறத்திலும் தோப்பிலும் கழிக்கிற மரமே ஆயுசுக்கும் போதும்.

விறகுக்கடைக் கட்டை பச்சையாக இருக்கும். அதைக் காயவைக்கத் தெரிவதுதான் இந்தத் தொழிலில் பாதி. மரம் காயும்போது வளையத்தை ஒட்டிய திசையில் சுருங்குவது, நடுவிலிருந்து வெளியே போகும் திசையில் சுருங்குவதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. உருண்டையாகக் கடைந்த பச்சைக் கிண்ணம் காய்ந்ததும் முட்டை வடிவாவது இதனால்தான். நடு மையத்தை உள்ளே வைத்துக்கொண்டு கடைந்தால் வெடிப்பு நிச்சயம். ஆகவே கட்டையை மையத்தின் வழியாக இரண்டாகப் பிளந்து, மையத்தை ஒட்டிய பகுதியை நீக்கிவிட வேண்டும். வெட்டுமுகங்களின் வழியாக ஈரம் வேகமாக ஓடிவிடும், அங்கேதான் முதல் கீறல் விழும். மரம் அறுக்கிறவர்கள் அந்த முகத்தில் சாணி மெழுகுவதைச் சின்ன வயதிலேயே பார்த்திருக்கிறேன். நான் உருக்கிய மெழுகைப் பூசுகிறேன்.

பிறகு முரட்டுக் கடைசல். 10 அங்குலக் கிண்ணத்துக்குச் சுவரை 1 அங்குலக் கனம் விட்டு, உருவத்தை மட்டும் கொண்டுவந்து நிறுத்திவிட வேண்டும். அதன் மேல் பென்சிலால் தேதியையும் எடையையும் எழுதி, அதன் சீவலோடு சேர்த்துக் காகிதப் பையிலோ சாக்கிலோ போட்டு, காற்றுப் படாத மூலையில் வைப்பேன். நம்மூருக்கு இது ரொம்ப முக்கியம். மலைக்கு அந்தப் பக்கம் மழை பெய்யும் ஆடி மாதத்தில் இங்கே வெறும் காற்றுதான் அடிக்கும். அந்த வறண்ட காற்றில் திறந்து வைத்த கிண்ணம் இரண்டே நாளில் விளிம்பில் கிழிந்துவிடும். மாதத்துக்கு ஒரு முறை தராசில் வைத்து எடையை எழுதுவேன். எடை குறைவது நின்றுவிட்டால் காய்ந்துவிட்டது என்று பொருள். மறுபடி மாட்டி, முட்டையாகிப் போனதை உருண்டையாக்கி, விரும்பிய மெல்லிசுக்குக் கொண்டுவரலாம். மாதக்கணக்கில் காத்திருக்கும் இந்த வேலைக்கு அவசரப்படாத மனிதர் வேண்டும். ஓய்வு பெற்றவருக்கு இது பொருந்துவதற்குப் பெரிய காரணம் இதுவே.

காய்ந்த மரத்தின் அருமையை நாதஸ்வரம் செய்கிறவர்களிடம் பார்க்கலாம். கும்பகோணம் பக்கத்து நரசிங்கம்பேட்டையில் ஆச்சா மரத்தைத்தான் கடைவார்கள். அதிலும் பழைய வீடுகளை இடிக்கும்போது கிடைக்கும், பல பத்தாண்டு காய்ந்த உத்தரக்கட்டையைத் தேடி வாங்குவார்கள். 2022இல் புவிசார் குறியீடு பெற்ற அந்தக் கருவியின் தொடக்கம் இடிந்த வீட்டின் கூரையில் இருக்கிறது. அதைப் பார்த்த பிறகு நானும் ஊருக்குள் பழைய வீடு இடிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டால் போய் நிற்கத் தொடங்கினேன்.

மரம் எவ்வளவு காய்ந்தாலும் அசைவை விடாது என்பதைக் குங்குமச்சிமிழ் காட்டிக்கொடுக்கும். மூடி திறக்கும்போது லேசாகப் பிடித்து, ‘டப்’ என்ற சின்ன சத்தத்தோடு வரவேண்டும். அதுதான் நல்ல சிமிழுக்கு அடையாளம். பங்குனி வெயிலில் அப்படிப் பொருத்திய மூடி ஐப்பசி அடைமழையில் திருகினாலும் வராது. சிமிழையும் மூடியையும் முரட்டுத்தனமாகக் குடைந்து சில வாரம் ஆறப்போட்டு, அப்புறமே இறுதிப் பொருத்தம் பார்க்க வேண்டும். குங்குமச்சிமிழ் வாங்க வருகிற பெண்கள் விலையைக் கேட்குமுன் மூடியை இரண்டு மூன்று தடவை திறந்து மூடிப் பார்ப்பார்கள். அந்தச் சோதனையில் தேறிய சிமிழைப் பிறகு யாரும் பேரம் பேசுவதில்லை.

மெருகுக்கு நம் நாட்டு வழியே சிறந்தது. கர்நாடகத்தின் சன்னபட்டணத்திலும், ஆந்திரத்தின் ஏட்டிகொப்பாகாவிலும், நம் அம்பாசமுத்திரத்திலும் அரக்குதான் மெருகு. சாயம் கலந்த அரக்குக் குச்சியைச் சுழலும் மரத்தில் அழுத்தினால் உரசும் சூட்டில் உருகி ஒட்டிக்கொள்ளும். அதைத் தாழை ஓலையால் அழுத்தித் தேய்த்தால் கண்ணாடிப் பளபளப்பு ஏறும். சன்னபட்டணத்துக்காரர்களும் ஏட்டிகொப்பாகாக்காரர்களும் கடைகிற வெள்ளை மரம் வெட்பாலை. சொரியாசிஸுக்கு எண்ணெய் காய்ச்ச இலை பறிக்கிறோமே, அதே மரம். சாப்பாட்டுக் கிண்ணங்களுக்கு நான் தேன்மெழுகும் ஆளிவிதை எண்ணெயும் போடுகிறேன். ஆளிவிதை எண்ணெய் காற்றுப் பட்டு இறுகும், தேங்காய் எண்ணெய் இறுகாது, பிசுபிசுப்பாகவே நிற்கும்.

பாதுகாப்பில் ஒரு விஷயம் திண்டுக்கல்லுக்கே உரியது. 2019இல் புவிசார் குறியீடு பெற்ற நம் பூட்டு, அரத்தால் ராவி ராவி உருவாவது. பூட்டுப் பட்டறைகளில் தேய்ந்த அரங்கள் மலிவாகக் கிடைக்கும், பார்த்தால் உளியாக்கிக்கொள்ளத் தோன்றும். தோன்றினாலும் செய்யக் கூடாது. அரத்தின் எஃகு கடினமானது, அதே அளவுக்கு நொறுங்கக்கூடியது. மரம் இழுத்த வேகத்தில் துண்டாகித் தெறிக்கும். வேண்டுமானால் பட்டறைக்காரரின் அரத்துக்கு நல்ல கைப்பிடி கடைந்து கொடுங்கள், தொடக்க காலத்துக்கு அதைவிட நல்ல பயிற்சி கிடையாது. தோளில் துண்டு, முழுக்கைச் சட்டை, மோதிரம், கைக்கயிறு எதுவும் சுழலும் மரத்துக்குப் பக்கத்தில் ஆகாது. முகத்துக்குத் தெளிவான மறைப்பு வேண்டும். மரத்தூளைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 1995லேயே வகைப்படுத்திவிட்டது. பஞ்சுத் தூசியில் ஆண்டுக்கணக்கில் நின்ற நுரையீரலுக்கு இன்னொரு தூசியைக் கொடுக்கக் கூடாது. உப்புத்தாள் பிடிக்கும்போது நல்ல முகக்கவசம் கட்டாயம்.

வருமானத்தைப் பற்றி உள்ளதைச் சொல்கிறேன். இதை நம்பிக் குடும்பம் நடத்த முடியாது. கொடைக்கானல் கடைகள் வாங்கும், கல்யாணத்துக்குச் சிமிழ் கேட்டு வருவார்கள், தெரிந்தவர் மூலம் சென்னைக்குப் போகும். ஓய்வூதியம் குறைவாக வரும் ஆலைத் தொழிலாளிக்கு மருந்துச் செலவுக்கும் பேரப்பிள்ளை செலவுக்கும் இது தாங்கும். சிஎன்சி மெஷினோடு போட்டி இல்லை, ஏனென்றால் அது ஒரே மாதிரி நூறு செய்யும். கோடு விழுந்த ஒரு புளியங்கட்டையை எந்தப் பக்கம் திருப்பி மாட்டினால் அந்தக் கோடு கிண்ணத்தின் நடுவே வரும் என்று பார்ப்பது மனிதக் கண்ணின் வேலை.

நான் விரும்புவது ஒரு பொதுப்பட்டறை. அமெரிக்காவில் 1986இல் தொடங்கிய கடைசல்காரர் சங்கத்துக்கு நாடெங்கும் உள்ளூர்க் கிளைகள் இருக்கின்றன. ஆஸ்திரேலியாவில் 1990களிலிருந்து ‘மென்ஸ் ஷெட்’ என்ற பெயரில் ஓய்வு பெற்ற ஆண்கள் கூடி மரவேலை செய்யும் கொட்டகைகள் பெருகின. திண்டுக்கல்லில் அப்படி ஒன்று அமைக்க நல்ல லேத் இரண்டு, சாணை ஒன்று, தூசி இழுக்கும் விசிறி ஒன்று, மரம் காய ஒரு காற்றில்லாத அறை போதும். கையில் தொழிலோடு ஓய்வு பெறுகிறவர்கள் இந்த ஊரில் நிறையப் பேர். தனித்தனியாக மெஷின் வாங்க முடியாதவர்கள் சேர்ந்து கற்கலாம். முதலில் பம்பரம், அரப்பிடி, மத்து. கை படிந்ததும் சிமிழ். அப்புறம் பூவரசில் கிண்ணம். ஐடிஐ பிள்ளைகளும் வந்து நின்று பார்க்கட்டும், நான் அந்தப் பெரியவர் பக்கத்தில் நின்று பார்த்தபடி. இடம் தருகிறவர் யாராவது முன்வந்தால் போதும், கற்றுக்கொடுக்க நான் தயார், என்னோடு ஓய்வு பெற்ற நண்பர்களும் தயார்.